தைராய்டு ஹார்மோனும் கீமோதெரபியும்: பெருங்குடல் புற்றின் ஸ்டெம் செல்களை வெல்லுமா இந்தக் கூட்டு?

கேள்வி (குடலியல் மாணவர்):
5-ஃபுளோரோயுராசில், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய கீமோதெரபி மருந்துகளால் பெருங்குடல் கட்டி சுருங்கிய பிறகும் நோய் திரும்புவதற்கு, மருந்துக்குத் தப்பும் ஸ்டெம் செல்கள் (தம்மைப் புதுப்பித்துக்கொண்டு கட்டியை மீண்டும் வளர்க்கவல்ல செல்கள்) ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. டி3 என்னும் தைராய்டு ஹார்மோன் அச்செல்களை மருந்துக்கு வசப்படச் செய்வதாக ஆய்வகச் சோதனைகள் கூறுகின்றன. செல்லைக் கொல்லாத ஹார்மோன் இதை எவ்வாறு செய்கிறது? அப்படியானால், தைராய்டு மாத்திரை உட்கொள்பவருக்கு இப்பலன் தானாகவே கிடைக்க வேண்டாமா?

பதில் (செல்லறிஞர்):
முதல் கேள்விக்கு விடை எளிது. ஸ்டெம் செல்லை முதிர்ந்த குடல் செல்லாக மாறும் வழியில் டி3 செலுத்துகிறது. முதிரத் தொடங்கிய செல், தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறனோடு மருந்தைத் தாங்கும் வலிமையையும் இழக்கிறது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது டி4, அதாவது டி3-இன் முன்வடிவமான ஹார்மோன். அதை டையோடினேஸ் 2 என்னும் நொதி டி3 ஆக மாற்றுகிறது, டையோடினேஸ் 3 அந்த டி3-ஐச் செயலிழக்கச் செய்கிறது. பெருங்குடல் புற்றுகள் பெரும்பாலானவற்றில் செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.சி. மரபணு பழுதடைவதால், பெருக்கத்தைத் தூண்டும் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் ஓயாமல் இயங்குகிறது. அந்தப் புரதமே முதல் நொதியை அடக்கி இரண்டாவதைப் பெருக்குகிறது என்பதை 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருந்தாலும் கட்டிக்குள் பஞ்சமே நிலவக்கூடும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதைவிட டையோடினேஸ் 3-ஐத் தடுப்பதே பொருத்தமான இலக்கு என்பது என் கருத்து.

பதில் (ஐயவாதி):
புற்றுசெல்லை முதிரச் செய்யும் உத்தி வெறும் கனவன்று. ஒருவகை இரத்தப் புற்றில் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாயிக் அமிலம் அதைச் சாதித்திருக்கிறது. ஆனால் அந்நோயை இயக்குவது பெரும்பாலும் ஒரே மரபணுப் பிணைவு. பெருங்குடல் புற்று அத்தனை எளியதன்று. மேலும், எல்.ஜி.ஆர்.5 என்னும் அடையாளப் புரதத்தைக் கொண்ட ஸ்டெம் செல்களை மட்டும் அழித்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வுகளில், எஞ்சிய செல்களிலிருந்தே புதிய ஸ்டெம் செல்கள் தோன்றின. முதிர்ந்த செல் முதிர்ந்தபடியே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

பதில் (செல்லறிஞர்):
அதனால்தான் ஹார்மோனை மட்டும் நம்பாமல் கீமோதெரபியோடு சேர்க்கிறார்கள்: செல் பழைய நிலைக்குத் திரும்புமுன் மருந்து அதைக் கொல்ல வேண்டும். இங்கே வரிசையும் முக்கியம். இந்த மருந்துகள் பிரியும் செல்களையே அதிகம் தாக்குவதால், செல்கள் பிரிவதை ஹார்மோன் முற்றிலும் நிறுத்திய பின் மருந்து வந்தால் பயன் குறையலாம்.

பதில் (மருந்தாளுநர்):
இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகத் தைராய்டு மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். மிகையான ஹார்மோன் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும், எலும்பைத் தேய்க்கும், கீமோதெரபியால் ஏற்கெனவே மெலிந்தவரின் எடையை மேலும் குறைக்கும். தைராய்டு குறைபாட்டுக்காக உட்கொள்பவர்கள் அதை நிறுத்தவும் கூடாது.