வருஷக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்களுக்கு

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

வெளிநாடு வந்து பத்து இருபது வருஷமாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமே (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் இடம்) போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். காரணம் கேட்டால் எல்லாரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: மந்திரம் மறந்துபோச்சு, இங்குள்ள சாமியாருக்குத் தமிழ் தெரியாது, இவ்வளவு வருஷத்துப் பாவத்தை எங்கிருந்து தொடங்குவது, போய்ச் சொன்னாலும் திரும்ப அதே பாவத்தில்தானே விழப்போகிறேன். இவை ஒவ்வொன்றுக்கும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் பதில் இருக்கிறது. படித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாம் பாவிக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கும். இறை இரக்கத்தைப் பற்றிய பிரசங்கத்தில் உருகிப்போகிறோம். அந்த இரக்கத்தைச் சட்டமாக எழுதிவைத்த பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

முதலில் மந்திரம். உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துவிட்டது என்பதால் பாவமன்னிப்பு கிடைக்காமல் போகாது. "கடவுளே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று லூக்கா நற்செய்தியின் ஆயக்காரன் சொன்னதே போதும். உள்ளே போனதும் சிலுவை அடையாளம் போட்டு, "சுவாமி, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து பதினைந்து வருஷம் இருக்கும், முறை மறந்துவிட்டது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வழிநடத்துவது குருவின் வேலை. முதல் வாக்கியத்திலேயே எத்தனை வருஷம் என்று சொல்லிவிடுவது முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் போன மாதம் வந்துபோன ஆள் என்று நினைத்து இரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிடுவார்.

எவ்வளவு சொல்ல வேண்டும்? சட்ட எண் 988 கேட்பது கவனமாக ஆத்தும சோதனை செய்தபின் நினைவுக்கு வருகிற கனமான பாவங்களை, அதாவது சாவான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சேர்த்து. அற்ப பாவங்களைச் சொல்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. ஒரு பாவம் சாவான பாவமாக மூன்றும் ஒன்றுசேர வேண்டும்: காரியம் கனமானது, அது கனமானது என்று தெரிந்திருந்தது, முழு மனதோடு செய்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் "ஞாயிறு பூசைக்குப் போகவில்லை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். மாற்ற முடியாத வேலை நேரம், காய்ச்சல், கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் பெரியவர் என்று நியாயமான காரணத்தால் விடுபட்டது பாவமே இல்லை. சோம்பலாலும் அசட்டையாலும் விட்டதை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள்.

இருபது வருஷத்துக்குத் துல்லியமான கணக்கு யாரிடமும் இருக்காது. "கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம், மாதம் ஒருமுறை போல" என்ற அளவுக்குச் சொன்னால் சரி. பாவத்தின் தன்மையையே மாற்றும் விவரத்தை மட்டும் விடக்கூடாது. தவறான உறவு என்றால் இருவரில் ஒருவர் மணமானவரா என்பதைச் சொல்ல வேண்டும். களவு என்றால் ஏறக்குறைய எவ்வளவு, எடுத்தது ஏழையிடமா என்பது வேண்டும். எங்கே, எப்படி, யாரோடு என்ற கதை வேண்டியதில்லை. உடந்தையாக இருந்தவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்று குருவுக்கே 979இல் தடை இருக்கிறது. மாமியார் செய்ததும் முதலாளி செய்ததும் உங்கள் பாவசங்கீர்த்தனத்தில் சேராது. நடைமுறையில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இதுதான்.

மறந்துபோனதையும் மறைத்ததையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நேர்மையாகச் சொல்லி முடித்து வெளியே வந்தபின் ஒரு கனமான பாவம் நினைவுக்கு வந்தால், அதுவும் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டாயிற்று. அடுத்த முறை சொன்னால் போதும். திரும்ப வரிசையில் போய் நிற்க வேண்டாம், நற்கருணை வாங்கவும் தடையில்லை. வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் நிலைமை வேறு. அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதுமே செல்லாது. சொன்ன மற்றவற்றுக்கும் மன்னிப்பு இல்லை. சரிசெய்ய ஒரே வழி, அடுத்த முறை அதையே முதலில் போட்டு உடைப்பது: "முன்பு ஒன்றை மறைத்தேன், அதிலிருந்து இத்தனை வருஷம்." கடினமானதைக் கடைசிக்கு வைத்தால் அது கடைசிவரை வெளியே வராது. காயத்தை வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டால், தெரியாத நோயை மருந்து குணமாக்காது என்று புனித எரோணிமுஸ் சொன்னதைத்தான் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் எடுத்துக்காட்டியது.

அடுத்தது, திரும்ப விழுந்துவிடுவேனே என்ற பயம். குடி, சூதாட்டம், ஆபாசப் படம் என்று பழக்கத்தில் சிக்கியவர்கள் தொட்டிக்கு வராமல் இருப்பது பெரும்பாலும் இதனால்தான். கேட்கப்படுவது இந்த நேரத்தில் உண்மையான பிரதிக்கினை, அதாவது இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம். நாளைக்கு வெற்றி உறுதி என்ற உத்தரவாதத்தை யாரும் கேட்கவில்லை. பழைய அனுபவத்தால் மறுபடி விழுவோமோ என்று பயப்படுவது பிரதிக்கினையின் உண்மையைக் கெடுக்காது என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1996இல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வருகிறவரின் மனநிலையில் சந்தேகம் இல்லாதபோது குரு பாவமன்னிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 980. எத்தனையாவது முறை வருகிறார் என்ற கணக்கு அதில் இல்லை. மனஸ்தாபமும் உத்தமமானதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நரகத்துக்குப் பயந்த, பாவத்தின் அசிங்கத்தை வெறுத்த குறைவான மனஸ்தாபம்கூட இந்த அருட்சாதனத்துக்குள் வந்தால் போதும். கடவுளை நேசித்துப் படுகிற உத்தம மனஸ்தாபமோ, முடிந்த சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானத்தோடு சேர்ந்தால், தொட்டிக்கு வருமுன்பே சாவான பாவத்தையும் போக்கும். விபத்திலோ ஆஸ்பத்திரியிலோ குரு கிடைக்காமல் கிடப்பவர்களுக்கு இதை யாராவது காதில் சொல்ல வேண்டும். மரண ஆபத்தில் இருப்பவருக்கு, குருத்துவப் பணியை விட்டுவிட்டுப் போன குருவும்கூட செல்லுபடியாகும் பாவமன்னிப்பு தர முடியும் (976).

ஆனால் பழக்கத்தின் வேரைத் தொடாத பிரதிக்கினை வெறும் வார்த்தை. போனில் எந்த நேரத்தில், எந்த அறையில், யாரோடு இருக்கும்போது விழுகிறோம் என்று பார்த்து அதில் ஒன்றையாவது மாற்றுவதாகக் குருவிடம் சொல்லுங்கள். மாதாமாதம் ஒரே குருவிடம் போவதும் உதவும். ஆளை மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வொருவரிடமும் முதல்முறை போலவே ஆகிவிடும். அதீத மனச்சாட்சிக் குழப்பம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஏற்கெனவே சொல்லி மன்னிப்புப் பெற்றதைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்கள் நோயை வளர்க்கும்.

மொழிப் பிரச்சினை நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவரானாலும் சரி (991). ஆகவே தமிழ் தெரிந்த சீரோ-மலபார் (கேரளத்தின் கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) குரு பக்கத்தில் இருந்தால் அவரிடமும் போகலாம். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளவும் 990 அனுமதிக்கிறது. அவருக்கும் இரகசியக் கடமை உண்டு. அது அனுமதிதான், கட்டாயம் இல்லை. எளிய வழி, உங்கள் பாவங்களின் பெயரையும் "எத்தனை முறை" என்பதையும் உள்ளூர் மொழியில் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போய் வாசிப்பது. எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் தேவைப்படாது. முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். கோட்டுப் பையில் மறந்தால் வீட்டில் துணி துவைப்பவர் படிப்பார். போனிலோ வீடியோவிலோ பாவமன்னிப்பு செல்லாது. அறிவுரை கேட்கலாம், அவ்வளவுதான்.

குரு கையை நீட்டி மன்னிப்பு வாக்கியத்தைச் சொல்லி, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால் சிலுவை வரையும்வரை எழுந்துவிடாதீர்கள். வாக்கியம் புரியாவிட்டாலும் பலன் குறையாது. கொடுத்த அபராதம் (பரிகாரமாகச் செய்யச் சொன்ன ஜெபமோ செயலோ) உங்களால் முடியாதது என்றால் அங்கேயே சொல்லுங்கள். பைபிள் பகுதி ஒன்றைக் கொடுத்து, உங்களிடம் பைபிளே இல்லாவிட்டால் அவர் வேறு தருவார். திருடியதைத் திருப்புவதும், கெடுத்த பெயரைச் சரிசெய்வதும் மன்னிப்புக்குப் பிறகும் நிற்கும் கடன். பெயர் சொல்லாமல் தபாலில் அனுப்பலாம்; உரியவர் கிடைக்கவே இல்லையென்றால் ஏழைகளுக்கு.

பதிவு அலுவலகத்தில் மட்டும் கல்யாணம் முடித்தவர்கள், முதல் திருமணம் முறிந்து வேறொருவரோடு சேர்ந்து வாழ்பவர்கள் சனிக்கிழமை மாலை வரிசையில் வந்து நிற்காதீர்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது அந்த விஷயத்தைப் பேச முடியாது. "இப்போது முடியாது" என்ற ஒரே வார்த்தையோடு மனமுடைந்து திரும்ப நேரும். பங்குத்தந்தையிடம் தனியே நேரம் கேளுங்கள். நியாயமாகக் கேட்பவர்களுக்கு நேரம் ஒதுக்குவது அவர் கடமை (986). இருவருக்கும் வேறு தடை இல்லாவிட்டால், பதிவுத் திருமணத்தைத் திருச்சபையில் செல்லுபடியாக்குவது பலர் நினைப்பதைவிடச் சிறிய வேலை. ஞானஸ்நானச் சான்று, திருமணத் தடையின்மைச் சான்று இரண்டையும் ஊர்ப் பங்கிலிருந்து முன்கூட்டியே வரவழைத்து வையுங்கள். தாமதம் எப்போதும் அங்கேதான். கருக்கலைப்புச் செய்தவர்கள் ஆயரிடம் போக வேண்டும் என்ற பழைய பயமும் வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பர் 20 மடலில் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்.

இரகசியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரு எந்தக் காரணத்துக்கும், எந்த நீதிமன்றத்திலும் சொல்லக் கூடாது (983). நேரடியாக வெளியிட்டால் அந்த நொடியே திருச்சபை விலக்கு. நீங்கள் பேச்செடுக்காமல் உங்களிடமேகூட அதைப் பற்றி அவர் பேசக் கூடாது. முகம் காட்டப் பிடிக்காதவர்களுக்காகத் தொட்டியில் கிராதி இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான் (964).

தவக்காலத்துக்குப் பொதுப் பாவமன்னிப்பு வழிபாடு ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒன்று. ஒருவருக்கு நான்கு நிமிஷம் என்றால் நூறு பேருக்கு 400 நிமிஷம். ஐந்து குருக்கள் உட்கார்ந்தாலும் ஒரு மணி இருபது நிமிஷம் ஆகும். இரண்டு குருக்களை வைத்துக்கொண்டு ஒரு மணியில் முடிக்கலாம் என்று அறிவித்தால், கடைசியில் நிற்பவர்கள் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார்கள். தொட்டிக்கும் வரிசைக்கும் இடையே பேச்சுக் காதில் விழாத தூரம் வேண்டும்; மெதுவாகப் பாட்டோ ஜெபமாலையோ ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. பொதுவான ஆத்தும சோதனையும் பிரார்த்தனையும் முடிந்ததும் அதுவே பாவமன்னிப்பு என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருப்பார்கள். தனியே போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஒருமுறையும், வரிசை தொடங்குமுன் ஒருமுறையும் மைக்கில் சொல்லுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த இறை இரக்க ஞாயிறுக்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குவது) வேண்டுபவர்கள் அன்று மத்தியானமே வந்து முண்டியடிக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 20 நாள் முன்போ பின்போ செய்த பாவசங்கீர்த்தனம் போதும் என்று திருப்பீடம் 2000ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறது. அன்றைக்கு நற்கருணை வாங்கும்போது சாவான பாவம் இல்லாத அருள்நிலையில் இருந்தால் சரி. இதைப் பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறே அறிவித்துவிட்டால், குருவுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், இருபது வருஷம் கழித்து வருகிறவருக்கும் நான்கு நிமிஷத்துக்கு மேல் கிடைக்கும்.