பிளாஸ்டிக் தியேட்டர்: நெகிழி அரங்கா, வனையரங்கா?

வணக்கம்.

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் தம் ‘தி கிளாஸ் மெனாஜரி’ நாடகத்துக்கு எழுதிய தயாரிப்புக் குறிப்பில் வரும் ‘பிளாஸ்டிக் தியேட்டர்’ நம் கலைச்சொல் பட்டியலில் ‘நெகிழி அரங்கு’ ஆகியிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கொட்டகை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இங்கே பொருள், உருக்கொடுப்பது; ஒளி, இசை, திரை எல்லாம் வசனத்துக்குச் சமமாக நின்று நாடகத்தை வடிக்கின்றன. குயவர் மண்ணில் வனையும் வனைகலம் போல ‘வனையரங்கு’ எனலாமா?

---

> வனையரங்கு

வட்டரங்கு போலக் கட்டட வகை என்று மயங்க இடமுண்டு. ‘நெகிழ்வரங்கு’ ஆகாதா? தவிர, ஒளியும் இசையும் இல்லாத நாடகம் எது? தனிச்சொல் எதற்கு?

---

> நெகிழ்வரங்கு ஆகாதா?

ஆகாது ஐயா. இருக்கைகளை இடம் மாற்றிப் போடும் அரங்குக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும்.

> தனிச்சொல் எதற்கு?

அந்த நாடகத்தில் மகன் டாமும் தாய் அமாண்டாவும் சண்டை போடுகிறார்கள். ஒளிவட்டமோ வாய் திறக்காத மகள் லாராமேல் விழ வேண்டும் என்கிறது குறிப்பு. வழக்கமான நாடகத்தில் பேசுபவர்மேல்தான் ஒளி. வேறுபாடு இங்கேதான்.

மேடையில் தொங்கவிடும் மெல்லிய கண்ணறைத் துணியான ‘ஸ்கிரிம்’ என்பதற்குச் ‘சல்லாத்திரை’ என்றே போடலாம், துணிக்கடையில் புழங்கும் சொல். முன்பக்கம் மேலிருந்து செங்குத்தாக ஒளி விழுந்தால் அது சுவர். முன்னொளியைத் தணித்துப் பின்னொளியை ஏற்றினால் சுவர் கரைந்து உள்ளறை தெரியும். விளக்கை நேர் எதிரே வைத்தால் கெட்டது: ஒளி துணியின் கண்கள் வழியே போய்ப் பின்னால் உள்ளதையும் காட்டிக்கொடுத்துவிடும். நடிகர் துணியை ஒட்டி நின்றாலும் இதே கோளாறு.

‘தி கிளாஸ் மெனாஜரி’யின் மேடையை அமைத்த ஜோ மீல்சினர்தான் 1949-இல் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தில் வரும் வீட்டையும் அமைத்தார். நிகழ்காலத்தில் வாசல் வழியே வருபவர்கள், பழைய நினைவில் சுவர்க்கோட்டைத் தாண்டியே நடப்பார்கள்.

---

சல்லாத்திரைக்கு என் ஆதரவு. பட்டியலில் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஒரு திருத்தம்: ‘திரையில் வாசகம் காட்டும் நாடகம்’ என்று எழுத வேண்டாம். வில்லியம்ஸ் அதைக் கேட்டிருந்தாலும் ‘தி கிளாஸ் மெனாஜரி’யின் 1945 நியூயார்க் தயாரிப்பில் அந்த வாசகத் திரை இல்லை.

கட்டட மயக்கம் இன்னும் தீரவில்லை. ‘வனைவு நாடகம்’ என்றால் தீரும். ஆனால் வில்லியம்ஸ் சொன்னது ஒரு நாடகத்தை அல்ல, அரங்கக் கலையையே. ஆகவே ‘வனையரங்கு (நாடகவியல்)’ என்று துறைக்குறிப்போடு பதியலாம்.