மவுன்ட்டில் மாட்டினால் எப்படி வெளியே வருவது?

கேள்வி: பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் (தரையில் கட்டிப் புரண்டு போடும் சண்டைக் கலை) சேர்ந்து மூணு வாரம். தற்காப்புக்குத்தான். மவுன்ட்டில், அதாவது மல்லாந்து கிடக்கும் என் வயிற்றில் ஏறி உட்கார்ந்தவரை உபா (இடுப்பைத் தூக்கி உருட்டும் உத்தி) போட்டு உருட்டினா அசையவே மாட்டேங்கிறார். எங்கே தப்பு?

பதில் 1: அநேகமா கால்தான். அவருடைய வலது கையை மார்போடு இறுக்கினா, உங்க இடது பாதத்தால அவருடைய வலது பாதத்தையும் வெளியிலிருந்து பூட்டணும். கையை மட்டும் பிடிச்சா காலை அகல ஊன்றிடுவார். குதிகால் ரெண்டும் பிட்டத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும். இடுப்பு முதல்ல நேரா மேலே எழும்பணும், பிறகுதான் இடது தோள் பக்கம் திருப்பணும். எடுத்ததுமே பக்கவாட்டில் தள்ளினா எடை நகராது.

பதில் 2: தெருவில் குத்த வருபவர் நிமிர்ந்து உட்காருவார், பிடிக்கக் கை கிடைக்காது. இடுப்பைச் சட்டுன்னு தூக்கினா முன்னால விழுந்து கையை ஊன்றுவார். உடனே கட்டிப்பிடிச்சு ஒட்டிக்கோங்க, பிறகு பூட்டலாம். கையை நீட்டி நெஞ்சைத் தள்ளவே தள்ளாதீங்க, ஆர்ம்பார் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பூட்டு) விழும். முழங்கை விலாவோடு இருக்கணும்.

பதில் 3: உருட்டினதும் அவர் காலுக்கு நடுவில் இருப்பீங்க. வகுப்புன்னா கார்டைத் (உங்களைச் சுற்றி அவர் போடும் கால் பிடியை) திறக்கப் பாருங்க. தெருன்னா எழுந்து விலகி ஓடுங்க.