அமபியே: நோயைத் தடுக்கும் உருவமா, முன்னறிவிக்கும் உருவமா?

தூரிகை (கேள்வி):
நான் ஓவியக் கல்லூரியில் அச்சோவியம் பயில்கிறேன். 2020ஆம் ஆண்டின் கொரோனா காலத்தில் ஜப்பானிய ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு வரைந்து இணையத்தில் பகிர்ந்த அமபியே என்னும் உருவத்தைப் பற்றிப் பருவக் கட்டுரை எழுத வேண்டியுள்ளது. நீண்ட கூந்தல், பறவையின் அலகு, உடலெங்கும் செதில், மூன்று கால்கள். பல கட்டுரைகள் இதனைக் கொள்ளைநோயிலிருந்து காக்கும் தொன்மையான தெய்வம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இது உண்மையிலேயே பழைய காவல் தெய்வமா, அல்லது நம் காலத்து ஓவியர்கள் அவ்வாறு ஆக்கிக்கொண்டார்களா?

பழம்படம்:
தெய்வம் என்பது மிகை. ஜப்பானியர் இத்தகையவற்றை யோகாய் என்பார்கள்; விந்தையான உயிர் என்று கொள்ளலாம். அமபியே என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்று, கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ஒரே ஓர் அச்சுத்தாள்தான். அது கவராபன் எனப்படும், தெருவில் கூவி விற்கப்பட்ட மலிவான மரக்கட்டை அச்சுச் செய்தித்தாள் வகையைச் சேர்ந்தது; காலம் 1846. ஹிகோ நாட்டுக் கடலில், அதாவது இன்றைய குமமோத்தோ பகுதியில், இரவுதோறும் ஏதோ ஒளிர்வதாகக் கேள்விப்பட்டு அதிகாரி ஒருவர் பார்க்கப் போனாராம். அலையிலிருந்து எழுந்த அந்த உருவம் தன் பெயரைச் சொல்லி, இவ்வாண்டு முதல் ஆறு ஆண்டுகளுக்கு விளைச்சல் செழிக்கும், ஆயினும் நோயும் பரவும், ஆகவே விரைவில் என்னை வரைந்து மக்களுக்குக் காட்டு என்று கூறிவிட்டுக் கடலுக்குள் மறைந்ததாம். படம் குழந்தை வரைந்ததுபோல் இருக்கும். அதை வரைந்தவர் யாரென்றும் தாளில் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, காப்பேன் என்றோ நோய் அணுகாது என்றோ அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை என்பதைத்தான்.

கீழ்க்கடல்:
மேலே சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு தாளை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதே நூற்றாண்டில் அமபிகோ என்ற பெயரில், பெரும்பாலும் குரங்கைப் போன்ற, மூன்று கால் உருவங்கள் பல தாள்களில் வருகின்றன. அவற்றில் பெருஞ்சாவு வரும் என்ற அச்சமும், என் உருவத்தைப் பார்ப்பவர் தப்புவார் என்ற வாக்கும் சேர்ந்தே இருக்கும். ஜப்பானிய எழுத்தில் ‘கோ’வும் (コ) ‘எ’யும் (エ) ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும் என்பதால், அமபிகோவைப் படியெடுத்தவர் கைதவறி எழுதியதே அமபியே என்று யுமொத்தோ கோயிச்சி போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1858இல் காலரா பரவியபோதும், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு தலைகள் கொண்ட பறவை ஒன்றின் படம் வலம் வந்தது. தன்னைக் காலையும் மாலையும் வணங்குவோர் தப்புவர் என்று அப்பறவை சொன்னதாகக் குறிப்பு உள்ளது. ஆக, காக்கும் என்ற நம்பிக்கை 2020இல் முளைத்ததன்று; அமபியேயின் உறவினரிடமிருந்து அதற்கு வந்து சேர்ந்தது. அச்சமும் பரிகாரமும் ஒரே தாளில் இருந்தால் விற்பனை நன்றாக நடக்கும் என்பது விற்றவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

செம்மை:
காக்கும் படத்தின் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அகா-எ எனப்படும் சிவப்பு அச்சோவியங்களைப் பாருங்கள். எதோ (Edo) காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான ஜப்பானில், பெரியம்மை கண்ட குழந்தையின் அறையில் இவற்றை மாட்டினார்கள். பேயோட்டும் ஷோகி, போதிதருமரின் உருவான தருமா பொம்மை, வீரன் தமெத்தோமோ என எதை வரைந்தாலும் சிவப்பு மை மட்டுமே. கொப்புளம் நன்கு சிவந்து எழும்பினால் குழந்தை பிழைக்கும் என்று நம்பியதும் அதற்கு ஒரு காரணம். குழந்தை தேறியதும் படத்தை எரித்தார்கள், அல்லது ஆற்றில் விட்டார்கள்; அதனால்தான் பிழைத்து வந்த படங்கள் குறைவு. அமபியே இதற்கு நேர் எதிர். அதை அழிக்கச் சொல்லவில்லை, பெருக்கச் சொல்கிறது.

பழம்படம்:
பெருக்கச் சொன்ன அந்தக் கட்டளைதான் 2020இல் இணையத்துக்கு அவ்வளவு பொருந்தியது என்பது என் கருத்து. யோகாய் படக்கதைகளுக்குப் பெயர்பெற்ற, மறைந்த ஓவியர் மிசுகி ஷிகெரு வரைந்திருந்த அமபியேயை அவருடைய நிறுவனம் மார்ச் மாதத்தில் பகிர்ந்தது. ஏப்ரலில் ஜப்பானிய சுகாதார அமைச்சகமே தொற்றுத் தடுப்புச் சுவரொட்டியில் இவ்வுருவத்தைப் பயன்படுத்தியது. எத்தனை அமபியேக்களில் நோய் பரவும் என்ற வாசகம் விடுபட்டு, சிரித்த முகம் மட்டும் மிஞ்சியது என்பதைப் பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு அதுவே போதிய பொருள்.

தூரிகை:
அனைவருக்கும் நன்றி. கட்டுரையுடன் ஓர் அச்சும் தர வேண்டியிருந்ததால், நேற்று பெயரை மட்டும் பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கிப் பார்த்தேன். ‘எ’யின் நடுக்கோடு உளிக்குச் சற்று இடப்புறம் விலகிவிட, அச்செடுத்த தாளில் அதனை ‘கோ’ என்று படிக்கவும் இடமிருந்தது. அந்தத் தாளை எறியாமல் வைத்திருக்கிறேன்.