ஜப்பான் அணு உலை: ஊருணித் தண்ணீர் எடுக்கலாமா?

காரைக்குடி (கேள்வி, 2011 மார்ச்): ஜப்பான் கதிர்வீச்சு மழையோடு இறங்கும், கழுத்தில் பெட்டாடின் தடவுங்கள் என்று குறுஞ்செய்தி சுற்றுகிறது. ஆச்சி முற்றத்து அண்டாவையே கவிழ்த்துவிட்டார்கள். மாமா மகன் டோக்கியோவில், போன் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

தேவகோட்டை: அண்ணே, அது புரளி. மார்ச் 11-ம் தேதி நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகள் தானாகவே நின்றன. பின்னால் வந்த சுனாமிதான் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிரூட்டும் பம்புகள் ஓடவில்லை. நின்ற உலையிலும் எரிபொருள் சூடு உடனே தணியாது. தண்ணீர் வற்றியதும் எரிபொருள் உறையிலுள்ள சிர்கோனியம் என்ற உலோகம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டானது. 12, 14 தேதிகளில் வெடித்தது அதுதான், அணுகுண்டு வெடிப்பல்ல. நமக்கு அது 6,500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஊருணித் தண்ணீரைத் தாராளமாக எடுங்கள்.

கண்டனூர், மருந்துக்கடை: பெட்டாடினில் அயோடின் உண்டு, ஆனால் அது புண்ணுக்குத்தான். தடவினால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குப் பாதுகாப்பு இல்லை, குடித்தால் ஆபத்து. உலைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் (அதில் அயோடின் சுமார் 100 மில்லிகிராம்). தைராய்டைச் சாதாரண அயோடினால் முன்கூட்டியே நிரப்பி, கதிரியக்க அயோடின்-131 புகாமல் தடுக்கும்; உலையிலிருந்து வரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்குப் பயன்படாது. அயோடின் உப்பை அள்ளித் தின்பதும் வீண். கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் என்றால், ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறரைக் கிலோ உப்பு வேண்டும்! ஆச்சிக்கு தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர்: டோக்கியோ உலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், இதுவரை மக்களை வெளியேற்றியது 20 கிலோமீட்டர் வட்டத்திலிருந்துதான். குரல் அழைப்பை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், நெரிசலிலும் அது போய்ச் சேரும். பேரிடரில் தொடர்பு கிடைக்காதவர்களைத் தேடும் இணையப் பக்கமான கூகுள் பர்சன் ஃபைண்டரில் பெயரை ஆங்கிலத்திலும் ஜப்பானிய எழுத்திலும் தேடுங்கள். யாரும் பார்க்கக்கூடிய பக்கம் அது, பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். அதைத் தூதரகத்துக்கு மட்டும் கொடுங்கள்.