ஆர்டிஎக்ஸ் 4080 போட்டும் 4கே-யில் 15 எஃப்பிஎஸ் தான் வருது, கார்டில் கோளாறா?

கேள்வி:
வணக்கம். புதுசா அசெம்பிள் பண்ணி வாங்கின பிசி. ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 6000 ரேம், 4கே மானிட்டர். சைபர்பங்க் 2077-ல் எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து பாத் ட்ரேசிங்கும் (ஒளி போகும் பாதையைக் கணக்குப் போட்டு வரையும் மோட்) போட்டால் 15 எஃப்பிஎஸ் (நொடிக்கு 15 ஃபிரேம்) தாண்ட மாட்டேங்குது. படம் மங்கிடுமோ என்று டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைஞ்சு பெரிசாக்கும் வசதி) போடலை. மற்ற கேம் எல்லாம் பறக்குது. கடையில் பழைய கார்டைத் தலையில் கட்டிட்டாங்களோ என்று பயமா இருக்கு.

பதில் 1:
கடைக்குப் போகும் முன் ஆஃப்டர்பர்னர் (கார்டைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு, விளையாடும்போது ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜ், கிளாக், வாட், வெப்பம் எவ்வளவு என்று பாருங்க. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் தானே இருக்கு?

கேட்டவர்:
கார்டில் தான் அண்ணா. யூசேஜ் 99%, கிளாக் 2700 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 300 வாட், 66 டிகிரி.

பதில் 1:
அப்போ கார்டு நல்லா இருக்கு தம்பி. 4080-இன் வரம்பே 320 வாட் தான். உங்க கார்டு முழு மூச்சா ஓடுது. நீங்க கொடுத்த வேலை தான் அவ்வளவு பெரிசு. 4கே-யில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 83 லட்சம் பிக்சல், 1080பி-யை விட 4 மடங்கு. பாத் ட்ரேசிங் போட்டா, பிக்சல் பிக்சலா கதிர் விட்டு, அது சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறிக்கிறதைக் கணக்குப் போடணும். 60 எஃப்பிஎஸ் வேணும்னா அத்தனையும் 16.7 மில்லிசெகண்டில் முடியணும். டிஎல்எஸ்எஸ் இல்லாம, இதைவிடப் பெரிய கார்டான 4090-யே 20 எஃப்பிஎஸ் பக்கம் தான் தரும். 2023 ஏப்ரலில் இந்த பாத் ட்ரேசிங் மோட் வந்தப்பவே தொழில்நுட்ப முன்னோட்டம்னு சொல்லித்தான் விட்டாங்க. விலை கூடின கார்டு வாங்கினா எல்லாத்தையும் உச்சத்தில் வைக்கலாம்னு நம்ப வைக்கிற விளம்பரங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் தான் வருது.

பதில் 2:
டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகத்தையும் பாருங்க. 4800 காட்டினா பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் செட்டிங்) ஆன் ஆகலைன்னு அர்த்தம்.

கேட்டவர்:
4800 தான் காட்டிச்சு! இப்போ 6000 ஆக்கிட்டேன். ஆனா எஃப்பிஎஸ் அதே 15.

பதில் 2:
ஜிபியு 99%-ல் திணறும்போது ரேம் வேகத்தால் எஃப்பிஎஸ் ஏறாது. சிபியு திணறுற இடத்தில், அதாவது ரெசல்யூஷன் குறைவா வச்சு கூட்டமான தெருவில் ஓடும்போது, பலன் தெரியும். 6000-லேயே இருக்கட்டும்.

பதில் 1:
டிஎல்எஸ்எஸ்-ஐ பெர்ஃபார்மன்ஸில் வைங்க. உள்ளே 1080பி-யில் வரைஞ்சு 4கே-க்கு ஏத்தும். கூடவே ரே ரீகன்ஸ்ட்ரக்‌ஷனும் போடுங்க, பிரதிபலிப்பு தெளிவாகும். வால்யூமெட்ரிக் ஃபாக்-ஐ (மூடுபனி எஃபெக்ட்) மீடியத்துக்கு இறக்குங்க, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கேட்டவர்:
40-ஐத் தாண்டிடுச்சு! படமும் நான் பயந்த மாதிரி மங்கலை. ஆனா ஃபிரேம் ஜெனரேஷன் (இடையில் ஃபிரேம் செருகுற வசதி) ஆப்ஷனை அமுக்கவே முடியலை.

பதில் 3:
விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்-ஐ ஆன் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்க.

கேட்டவர்:
வேலை செய்யுது, 70 காட்டுது. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

பதில் 3:
அந்த 70-ல் பாதி இடைச்செருகின ஃபிரேம். மௌஸ் அசைவுக்கு 35 எஃப்பிஎஸ் உணர்வு தான் இருக்கும், கொஞ்சம் கூடுதல் தாமதமும் வரும். சண்டைக் காட்சியில் அது இடைஞ்சலா இருந்தா பாத் ட்ரேசிங்-ஐ விட்டுட்டு சாதாரண ரே ட்ரேசிங், டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி வச்சுப் பாருங்க.