மக்கள் தொடர்பு படிக்கிறேன், சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போக வசதியில்லை. ஊரில் இருந்தே என்ன செய்யலாம்?

பாம்பன்_பொண்ணு:
எனக்கு ஊர் பாம்பன். மதுரையில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், அதனால் இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. மார்க் நன்றாகவே வருகிறது. ஆனால் கூடப் படிக்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, ஒருத்திக்கு மாமா பத்திரிகையில் இருக்கிறார், இன்னொருத்தி பள்ளிக்கூடத்திலிருந்தே ஆங்கிலத்தில் மேடை ஏறிப் பேசியவள். வருகிற கோடை விடுமுறைக்கு எல்லோரும் சென்னையில் பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சிகளுக்குப் போகிறார்கள். நான் விசாரித்த இடங்களில் சம்பளம் கிடையாது. ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கைக்காசு. அந்த நேரம் பார்த்து மீன்பிடித் தடைக்காலம் வேறு, அப்பா போகிற விசைப்படகு கரையில்தான் நிற்கும், அவரிடம் பணம் கேட்க எனக்கு வாய் வராது. ஊரில் இருந்துகொண்டே உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? ஆங்கிலம் சுமாராக இருந்தால் இந்தத் துறையில் முன்னுக்கு வர முடியுமா?

கீழக்கரை_காக்கா:
தங்கச்சி, நான் சென்னையில் ஒரு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன், புதிதாக வருகிற பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் என் பொறுப்புதான். எங்கே இன்டர்ன்ஷிப் செய்தாய் என்று கேட்போம், உடனே அங்கே நீ எழுதியது எதையாவது காட்டு என்போம். அந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய ஏஜென்சி பெயர் இருக்கும், ஆனால் இரண்டு மாதமும் பேப்பரில் வந்த செய்தியைத் தேடி எக்செலில் ஏற்றியது மட்டும்தான் வேலையாக இருந்திருக்கும். அதை வைத்து ஒருவருக்கு எழுத வருமா, யோசிக்க வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தடைக்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்கள் மொத்தப் பேரும் கரையில் இருக்கிறார்கள், படகை மராமத்து பார்க்கிறார்கள், வலையைச் சரிசெய்கிறார்கள். மற்ற மாதங்களில் ஒருவரை உட்காரவைத்துப் பேசவே முடியாது. மதுரையிலோ சென்னையிலோ இருந்து வருகிறவனுக்கு இவர்களோடு பேச்சு ஆரம்பிக்கவே ஒரு வாரம் ஆகும், உனக்கு அது தேவையில்லை.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். உதாரணத்துக்குப் புயல் எச்சரிக்கை. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், மீன்வளத்துறை கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிக்கிறது, ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரம், காற்று வேகம் எல்லாம் கணித்துத் தருகிறது. இதெல்லாம் ஒரு நாட்டுப்படகுக்காரர் காதுக்கு எந்த வழியாக வருகிறது, யார் சொன்னால் அவர் நம்புகிறார், எதைக் கேட்டும் கிளம்பிவிடுகிறார் என்று ஒரு இருபது முப்பது பேரிடம் கேட்டு எழுது. அப்புறம் ஒரு பழைய அறிவிப்பை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரல் பதிவாக ஒன்று, ரேடியோவுக்கு முப்பது விநாடியில் ஒன்று, பேப்பருக்கு ஒன்று என்று மூன்று விதமாக எழுதிப் பார். எழுதியதைச் சிலரிடம் படித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேள். பழைய அறிவிப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடு, அந்தப் பதிவு எந்தக் குரூப்புக்கும் போய்விடக் கூடாது, போனால் ஊரே பதறிவிடும்.

அவர்களுக்கு என்ன புரிந்தது, எது புரியவில்லை என்று கடைசியில் எழுதுகிற இரண்டு பக்கம்தான் என் கண்ணில் பெரிய விஷயம். பேப்பரில் வந்த செய்தியின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, இத்தனை லட்சம் மதிப்பு என்று காட்டுகிற பழக்கம் எங்கள் துறையில் ரொம்ப நாளாக உண்டு. அது சரியான அளவுகோல் கிடையாது என்று 2010-லேயே பார்சிலோனா கோட்பாடுகளில் துறைக்காரர்களே சொல்லிவிட்டார்கள். மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, அதனால் ஏதாவது மாறியதா என்று பார்க்கத் தெரிந்த மாணவியை நான் விடமாட்டேன்.

ராம்நாடு_நிருபர்:
காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்குத் தினமும் செய்திக்குறிப்பு வருகிறது, கல்லூரி, சங்கம், கட்சி, கடை திறப்பு என்று. பாதிக்குமேல் பயன்படுத்தவே முடியாது. முதல் இரண்டு பத்தியும் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் பட்டியல். விழாவில் என்ன முடிவு எடுத்தார்கள் என்பது கடைசி வரியில் கிடக்கும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள், அதை முதல் பத்தியிலேயே கொண்டுவரப் பழகிக்கொள். கீழே இருந்து வெட்டினாலும் செய்தி நிற்க வேண்டும், இடம் பற்றாக்குறை என்றால் நாங்கள் அப்படித்தான் வெட்டுவோம்.

இன்னும் சில விஷயம், இதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. குறிப்பை யூனிகோடில் அடித்து மெயிலிலேயே போடு, ஸ்கேன் பண்ணிய பக்கத்தை அனுப்பினால் நாங்கள் உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும். படத்தைத் தனியாக அனுப்பு, இடமிருந்து வலமாக யார் யார் என்று பெயரும் பொறுப்பும் எழுது. பெயரில் ஒரு எழுத்து தப்பினால் மறுநாள் திட்டு எங்களுக்குத்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்பிவிட்டு நாளைக்கு வருமா என்று போன் பண்ணாதே, மதியத்துக்குள் அனுப்பு. விவரம் கேட்டால் எடுக்கிற மாதிரி ஒரு நம்பர் கொடு.

பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 இருக்கிறது, மீனவர்களுக்காக 2016-லிருந்து நடக்கிற சமுதாய வானொலி. நேரில் போய், விடுமுறையில் உதவிக்கு வரலாமா என்று கேட்டுப் பார். ராமநாதபுரத்தில் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கும் கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேள். ஆட்சியர் ஆய்வுக்குப் போன செய்தி சாயங்காலத்துக்குள் எப்படிக் குறிப்பாக மாறி எங்கள் கைக்கு வருகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே நிறையப் புரியும். ஆங்கிலத்தை நினைத்து மனசை விடாதே, இந்த மாவட்டத்தில் நல்ல தமிழில் குறிப்பு எழுத ஆள் இல்லாமல்தான் திண்டாடுகிறோம்.

தொண்டி_டீச்சர்:
நிருபர் தம்பி சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தமிழ் நன்றாக வருவது பலம்தான், அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள், நாளைக்கு அவள் டெல்லியிலோ வெளிநாட்டு நிறுவனத்திலோ வேலை பார்க்க வேண்டாமா? மகளே, நீ தமிழில் எழுதுகிற ஒவ்வொரு குறிப்பையும் ஆங்கிலத்திலும் எழுது. மொழிபெயர்க்காதே, ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவருக்கு இதில் என்ன வேண்டும் என்று யோசித்துப் புதிதாக எழுது. மண்டபம் என்கிற ஊரின் பெயரே கேள்விப்படாதவருக்குப் புரிகிறதா என்று பார்.

பாடத்தையும் ஒதுக்காதே. மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி ஐவி லீ பற்றிப் படித்திருப்பாய். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைக்கத்தான் பார்க்கும். அந்த ரயில் கம்பெனிக்கு வேலை பார்த்த லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவைத்தார், அதையே முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்கிறார்கள். 1964 புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, உண்மையை உடனே சொல்வது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, புயல் எச்சரிக்கை என்றால் ஆண்களிடமே போய் நிற்பாய். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களிடமும் பேசு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, தீவைச் சுற்றிப் பாசி எடுப்பதில் வனத்துறைக்கும் இவர்களுக்கும் உரசல் இருந்துகொண்டே இருக்கிறது. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும், இவர்கள் பிழைக்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பார், கஷ்டமாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

பாம்பன்_பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாசி எடுக்கப் போகிறவர்களில் எங்கள் சித்தியும் உண்டு, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு சந்தேகம், பேசுவதைப் போனில் பதிவு பண்ணலாமா? ரேடியோவுக்கு அந்தக் குரலையே கொடுக்கலாமா?

ராம்நாடு_நிருபர்:
கேட்டுவிட்டுப் பதிவு பண்ணு. படிப்புக்கு மட்டும் என்றால் அதைச் சொல், ரேடியோவுக்குப் போகும் என்றால் அதைத் தனியாகக் கேள், இரண்டும் ஒன்றில்லை. வேண்டாம் என்று சொல்கிறவர் பெயரைப் போடாதே. முக்கியமாக வனத்துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விஷயத்தில் ஊர், வயசு, உறவு எதையும் எழுதாதே, பாம்பனில் அந்த மூன்றை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.